தயக்கத்தை ஆராய்ந்த அறிஞர்

காலையில் கண் விழிப்பது முதல் இரவில் உறங்கச் செல்வது வரை மனிதன் எண்ணற்ற முடிவுகளை எடுக்கிறான். சிறியவற்றைத் தேர்வதிலேயே மனம் களைத்துவிட்டால், பெரியது எதிர்ப்படும்போது அது தடுமாறுகிறது. இதனை இன்றைய உளவியலார் முடிவெடுக்கும் சோர்வு என்பர். இப்பெயர் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, முடிவெடுக்க இயலாமையின் துன்பத்தைத் தம் வாழ்வில் உணர்ந்தவர் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ்.

அவர் 1842ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் குடும்பத்துடன் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்குமாக இடம்பெயர்ந்து கொண்டேயிருந்ததால் பள்ளிகளும் மாறின. விரும்பிய எதனையும் கற்கலாம் என்னும் வாய்ப்பு அவருக்கு வரமாகவும் சுமையாகவும் அமைந்தது. பதினெட்டு வயதில் ஓவியம் பயின்றார். 1861இல் அதனை விடுத்து ஹார்வர்டில் வேதியியல் கற்கத் தொடங்கினார். 1864இல் மருத்துவத்திற்கு மாறினார். மறு ஆண்டு இயற்கையியலார் அகாசியின் குழுவுடன் அமேசான் ஆற்றுப்பகுதிக்குச் சென்றார். அப்பணி தமக்குரியதன்று எனக் கண்டார். 1869இல் மருத்துவப் பட்டம் பெற்றும் மருத்துவராகத் தொழில் புரியவில்லை. எப்பாதையைத் தேர்வது என அறியாது உடல் நலிந்தார். ஆழ்ந்த மனத்துயரில் வீழ்ந்தார்.

1870ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரெஞ்சு மெய்யியலார் ரெனூவியேயின் கட்டுரை அவருக்கு ஒளி தந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை தமக்கு உண்டு என நம்புவதையே தம் முதல் தேர்வாகக் கொண்டார். துயர் ஒரே நாளில் நீங்கவில்லை. எனினும் 1873இல் ஹார்வர்டில் உடலியங்கியல் கற்பிக்கலானார். விரைவில் உளவியலையும் கற்பித்தார்.

1878இல் உளவியல் நூலொன்று எழுத ஒப்புக்கொண்டார். ஈராண்டில் முடியும் என எண்ணிய அந்நூல் நிறைவுற்று 1890இல்தான் வெளிவந்தது. பழக்கம் குறித்து அதில் அமைந்த இயல் பெரும்புகழ் பெற்றது. எழும் நேரம், உண்ணும் நேரம், வேலை தொடங்கும் நேரம் ஆகியவற்றை நாள்தோறும் புதிதாகத் தீர்மானிப்பவன் தன் காலத்தில் பெரும்பகுதியை அதிலேயே இழக்கிறான். அவற்றைப் பழக்கத்திடம் ஒப்படைப்பவனின் மனமோ உயர்ந்த பணிகளுக்கு விடுதலை பெறுகிறது. இதுவே அவ்வியலின் சாரம். நற்பழக்கத்தைத் தொடங்கும்போது உறுதியுடன் தொடங்குக. அது வேரூன்றும்வரை ஒருநாளும் தவறவிடாதே என்றும் அவர் வலியுறுத்தினார்.

1910ஆம் ஆண்டு மறைந்த ஜேம்ஸிடம் அமைதியின்மை இறுதிவரை இருந்தது. தயக்கம் இயல்பிலேயே இல்லாதவராக அவர் வாழவில்லை. அதன் துன்பத்தை அறிந்தமையாலேயே பிறர்க்கு அதிலிருந்து மீளும் வழியைத் தெளிவுறக் காட்டினார்.