காயாத ஒரு துணிக்காக உயிரையே விடத் துணிந்தவர்... யார் இந்த திருக்குறிப்புத் தொண்டர்?

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே உழவர்கரை வீடுகளில் ஒரே கவலை: துவைச்ச துணி காயல, வாடை அடிக்குது! இதே மழையிடம் மாட்டிக்கொண்டவர்தான் 63 நாயன்மார்களில் ஒருவரான திருக்குறிப்புத் தொண்டர்.

காஞ்சிபுரத்தில் சலவைத் தொழில் செய்த குலத்தில் பிறந்தவர். சிவனடியார்களின் குறிப்பறிந்து துணி வெளுத்துத் தருவதே அவர் தொண்டு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அவர் கதையைச் சொல்கிறது.

ஒரு குளிர்நாளில் மெலிந்த அடியார் ஒருவர் அழுக்குக் கந்தையோடு வந்தார். மாலைக்குள் தருவதாக வாங்கிய தொண்டர், அழுக்கைப் போக்கிவிட்டார். ஆனா மழை கொட்டித் தீர்த்தது. பொழுது சாய்ந்தும் துணி காயல. குளிரில் வாடும் அடியாருக்குத் தீங்கு செய்துவிட்டோமே என்று துவைக்கும் கல்லில் தலையை மோதப்போனார். ஏகாம்பரநாதரின் கை எழுந்து தடுத்தது. வந்தவர் சிவனே!

இன்றைக்கும் பாதி வேலைதான் டிடர்ஜென்ட், மெஷின் செய்யும். ஈரம் தங்கினால் கிருமி பெருகி வாடை வரும். மெஷின் நின்றதும் துணியை எடுத்து, இடைவெளி விட்டு ஃபேன் காற்றில் காயவையுங்க.