கேலிப் பெயரில் வாழும் ஓவியர்

மாணவர்களே, உங்கள் அடையாள அட்டையைப் பாருங்கள். உங்கள் பெயரை அடுத்து அப்பாவின் பெயர் இருக்கும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 600 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியிலும் பலரை இப்படித்தான் அடையாளம் கண்டார்கள். அவர்களில் ஒருவர் தொம்மாசோ. ஜொவான்னியின் மகன் தொம்மாசோ என்றே ஆவணங்கள் அவரைக் குறிக்கின்றன.

அவர் 1401 டிசம்பர் 21ஆம் நாள், ஃபுளோரன்ஸ் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதாகும் முன்பே தந்தையை இழந்தார். 1422இல் ஃபுளோரன்ஸ் ஓவியர்கள் இடம்பெற்ற தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். ஓவியத்தைத் தவிர வேறு எதிலும் அவருக்குக் கவனம் இல்லை. உடையைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ அவர் கவலைப்பட்டதில்லை என்று சொல்லப்படுகிறது. அதனால் ஊரார் அவரை மசாச்சோ என்று அழைத்தார்கள். அலங்கோலமான தாமஸ் என்பது அதன் பொருள். உடன் பணியாற்றிய மூத்த ஓவியரின் பெயரும் தொம்மாசோதான். அவரை மசோலினோ, அதாவது சின்னத் தாமஸ் என்றார்கள்.

இருவரும் ஃபுளோரன்சில் உள்ள பிரான்காச்சி சிற்றாலயத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டினர். அக்கால ஓவியங்கள் பலவற்றில் மனிதர்கள் தட்டையாகத் தெரிவார்கள். மசாச்சோ தீட்டியவர்களோ தரையில் கால் ஊன்றி, உடல் கனத்துடன் நிற்கிறார்கள். ஆலயத்தின் உண்மையான சன்னலிலிருந்து வரும் ஒளியே அவர்கள் மீது படுவதுபோல் நிழலை அமைத்தார். சொர்க்கத்திலிருந்து விரட்டப்படும் ஆதாம் முகத்தை மூடி அழுகிறான். ஏவாள் வாய்விட்டுக் கதறுகிறாள். வேறொரு தேவாலயத்தில் அவர் தீட்டிய திரித்துவ ஓவியத்தைப் பார்த்தால், சுவரைக் குடைந்து ஓர் அறை கட்டியதுபோல் தோன்றும்.

பிரான்காச்சி வேலை முடிவதற்குள் மசாச்சோ ரோமுக்குச் சென்றார். 1428இல் அங்கே இறந்தார். அப்போது அவருக்கு 26 வயதுதான். அரைகுறையாக நின்ற சுவர்களைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பிலிப்பினோ லிப்பி என்ற ஓவியர் நிறைவு செய்தார்.

சங்கத்தில் சேர்ந்த பிறகு மசாச்சோவுக்குக் கிடைத்தவை ஆறு ஆண்டுகளே. ஆனால், அவர் தீட்டிய சுவர்கள் பின்வந்தோருக்குப் பள்ளிக்கூடமாயின. இளம் மைக்கேலாஞ்சலோ அவற்றின் முன் நின்று வரைந்து பழகினார்.

கேலியாக வைத்த பெயர் இன்று உலகின் ஓவிய நூல்களில் மரியாதையோடு இடம்பெறுகிறது. மசாச்சோ அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய வேலை அதன் மதிப்பை மாற்றியது. வகுப்பில் யாராவது உங்களுக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டிச் சிரித்தால், இவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.