போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கிய மரியா மாண்டிசோரி: குழந்தைகளின் விளையாட்டை 'வேலை' என்று சொன்னது ஏன்?

கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துப் பாலர் பள்ளி ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை பச்சைப் பயறைக் கரண்டியால் அள்ளி, கிண்ணம் விட்டுக் கிண்ணம் மாற்றிக்கொண்டிருக்கிறது. கூட்டிப்போக வந்த பாட்டிக்கோ கவலை: படிக்காம விளையாடிக்கிட்டே இருக்கே!

இந்தக் கவலைக்கு நூறு வருடங்களுக்கு முன்பே பதில் தேடியவர் மரியா மாண்டிசோரி.

1870-ல் இத்தாலியில் பிறந்தார். 1896-ல் மருத்துவரானார். அப்போது அங்கே பெண் மருத்துவர்கள் ரொம்பவே குறைவு. 1898-ல் மகன் மரியோ பிறந்தபோது அவருக்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. ஊருக்குப் பயந்து, குழந்தையை வேறொரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார். மகன் அவரிடம் வந்து சேர்ந்தது பதின்ம வயதில்தான்.

ரோமில் தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்'

1907 ஜனவரி 6. ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோ. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகத் திறந்த ஓர் அறைதான் முதல் 'குழந்தைகள் இல்லம்'. கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப்போன தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்த நிலைமை புரியும்.

அங்கே பொம்மைகளும் இருந்தன. ஆனால் பிள்ளைகள் தேடிப் போனது தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் மாட்டுவது, சொரசொரப்பான எழுத்தை விரலால் தடவுவது போன்றவற்றைத்தான். அதனால்தான் மாண்டிசோரி அதை விளையாட்டு என்று சொல்லாமல், குழந்தையின் வேலை என்றார். பயறை அள்ளும் விரல்கள்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும். சிந்தாமல் ஊற்றுகிற பிள்ளைக்குக் கவனம் தானாக வருகிறது.

சென்னையில் 'எதிரி'

முசோலினி ஆட்சியோடு ஒத்துப்போகாமல் 1934-ல் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும், இங்கிருந்த இத்தாலியர்கள் பிரிட்டிஷ் அரசுக்கு 'எதிரி நாட்டவர்' ஆனார்கள். அந்த ஆட்சியை விட்டு வந்தவருக்கும் விதிவிலக்கு இல்லை. மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள்.

ஆகஸ்ட் 31, மாண்டிசோரியின் 70-வது பிறந்தநாள். அன்று மரியோவை விடுவித்தது அரசு. ஊருக்குப் பயந்து மருமகன் என்றே அறிமுகப்படுத்தப்பட்டு வந்தவரை, அரசின் செய்தி மகன் என்றே குறிப்பிட்டது.

பிறகு இருவரும் கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். செடி, பூச்சி, குளம் எல்லாமே பாடம். இயற்கையை முழுசாகப் பார்க்கச் சொல்லும் 'பிரபஞ்சக் கல்வி' என்ற சிந்தனை அந்த மலையில்தான் வளர்ந்தது. மாண்டிசோரி 1952-ல் நெதர்லாந்தில் காலமானார்.

இன்று மலேசியாவின் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்திலும் விளையாட்டு வழிக் கற்றல் இருக்கிறது. அதனால் அடுத்த முறை உங்கள் வீட்டு வாண்டு பயறைக் கொட்டி அள்ளும்போது, கையிலிருந்து பிடுங்காதீர்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பாட்டியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.