பூட்டுச் செய்த வக்கீல்

நாகர்கோவில், தக்கலை, குளச்சல்... குமரி மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும், வீட்டின் உள்ளறையில் ஒரு பீரோ நிற்கும். வீட்டுப் பத்திரம், நகை, கலியாணப் புடவை எல்லாம் அதற்குள்தான்.

உருக்குப் பீரோ வருமுன் தேக்கிலும் பலாவிலும் செய்த பெட்டிகளும் அலமாரிகளும் இருந்தன. நெல் வைக்கப் பத்தாயம் இருந்தது. மரம் எவ்வளவு உறுதியாக இருந்தால் என்ன? பூட்டு லேசாக இருந்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்தான்!

நல்ல பூட்டு வேண்டும் என்பதற்காகவே தம் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டார் ஒருவர். அவர் பெயர் அர்தேஷிர் கோத்ரெஜ். பூட்டுச் செய்வோர் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். அவர் படித்தது வக்கீல் படிப்பு!

பொய்க்கு மறுத்தார்

1868-ம் ஆண்டு மும்பையில் ஒரு பார்சிக் குடும்பத்தில் அர்தேஷிர் பிறந்தார். வசதியான குடும்பம். 1890-ல் பச்சுபாய் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டே, மும்பை ராஜாபாய் கோபுரத்திலிருந்து விழுந்து அந்தப் பெண் இறந்துபோனாள். அப்போது அர்தேஷிருக்கு வயது 23. அதன் பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சட்டம் படித்து முடித்ததும், ஒரு வழக்கை நடத்த ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஜான்சிபார் தீவுக்கு 1894-ல் அனுப்பப்பட்டார். வழக்கை ஆராய்ந்தபோது, தம் கட்சிக்காரர் பக்கம் முழு உண்மை இல்லை என்று அவருக்குப் பட்டது. அப்படியிருக்க, உண்மை என்று எப்படி வாதாடுவது? மறுத்துவிட்டார். ஊர் திரும்பினார். வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார்.

முதல் தொழில் மூடியது

பிறகு ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். டாக்டர்கள் பயன்படுத்தும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவதைக் கண்டார். அவற்றை இங்கேயே செய்தால் என்ன என்று தோன்றியது.

மேர்வான்ஜி காமா என்ற குடும்ப நண்பரிடம் 3,000 ரூபாய் கடன் வாங்கினார். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. சாமான்கள் நன்றாகவே வந்தன. வாங்குவதற்கு ஓர் ஆங்கிலேயக் கம்பெனியும் முன்வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை! இந்தியாவில் செய்தது என்ற முத்திரை அவற்றில் இருக்கக் கூடாதாம்.

அர்தேஷிர் இணங்கவில்லை. செய்த இடத்தை மறைப்பதும் அவருக்குப் பொய்யாகவே பட்டது. தொழில் மூடியது. கடன் மட்டும் மிஞ்சியது.

உண்மைக்காக இரண்டு தொழில்களை இழந்தவர் அடுத்து என்ன செய்தார்?

சிறு கொட்டகை

அந்த நாட்களில் மும்பையில் திருட்டு அதிகம். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்த அர்தேஷிர், நல்ல பூட்டுச் செய்வதென்று தீர்மானித்தார். மீண்டும் காமாவிடம் போனார். ஒரு முறை பணம் முடங்கிய பிறகும், அந்தப் பெரியவர் மறுபடியும் கொடுத்தார்!

1897 மே மாதம், மும்பை லால்பாக் பகுதியில் ஒரு சிறு கொட்டகையில் வேலை தொடங்கியது. குஜராத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் கைத்திறன் மிக்க தொழிலாளர்கள் வந்தனர்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது? சிறு சிறு நெம்புத் தகடுகள் இருக்கின்றன. சரியான சாவி ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கும். அப்போதுதான் தாழ் நகரும். ஒரு தகடு மயிரிழை பிசகினாலும் பூட்டுத் திறக்காது.

தகடுகளைத் தாங்கும் சுருள்வில் நாளடைவில் தளரும், ஒடிந்தும் போகும். ஆகவே சுருள்வில்லே இல்லாத பூட்டையும் அவர் கண்டுபிடித்துக் காப்புரிமை பெற்றார். வேறு சாவியைப் போட்டு யாராவது திருகிப் பார்த்தால், அதைச் சொந்தக்காரருக்குக் காட்டிக் கொடுக்கும் பூட்டையும் செய்தார்.

1902-ல் இரும்புப் பெட்டகம் செய்தார். 1923-ல் உருக்குப் பீரோ வந்தது. காமாவின் உறவினரான பாய்ஸ் என்பவர் சிறிது காலம் கூட்டாளியாக இருந்து விலகிவிட்டார். ஆனாலும் அவர் பெயரைக் கம்பெனிப் பலகையிலிருந்து அர்தேஷிர் எடுக்கவில்லை!

1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு 3 லட்சம் ரூபாய் கொடுத்தார். 1928-ல் தொழிலைத் தம்பி பிரோஜ்ஷாவிடம் ஒப்படைத்துவிட்டு, நாசிக் போய் விவசாயத்தில் இறங்கினார். 1936-ல் காலமானார்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல் நடந்தது. அதற்காக லட்சக்கணக்கான வாக்குப் பெட்டிகளை அவருடைய கம்பெனி செய்து கொடுத்தது. அவர் இருந்து பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

நம் வீட்டு அலமாரி

உங்கள் வீட்டில் பழைய மர அலமாரி இருக்கிறதா? கதவு தொங்குகிறது என்று விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். மரம் உறுதியாக இருந்தால், மாற்ற வேண்டியவை கீலும் கைப்பிடியும் பூட்டும்தான். ஒரு திருப்புளி இருந்தால் நீங்களே செய்யலாம்.

பழைய கீலையும் பூட்டையும் கடைக்கே எடுத்துச் சென்று, அதே அளவில் வாங்குங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். அங்கே பித்தளை அல்லது எவர்சில்வர் கீல் நல்லது. எல்லாக் கீல்களையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றை மாற்றிய பிறகு அடுத்ததைக் கழற்றுங்கள். கதவு சரியாது.

திருகாணி பிடிக்காமல் துளை பெரிதாகிவிட்டதா? மெல்லிய மூங்கில் குச்சியில் பசை தடவித் துளையில் செருகுங்கள். காய்ந்ததும் வெளியே நீட்டியதை வெட்டிவிட்டுத் திருகாணியை முடுக்குங்கள். நன்றாகப் பிடிக்கும்.

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் தூசி ஒட்டி மேலும் இறுகும். பென்சில் ஊசியைப் பொடியாக்கிச் சாவியில் தடவித் திருப்புங்கள். உருக்குப் பீரோவில் துருப்பிடித்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் சிவப்புப் பூச்சைப் பூசிய பிறகே வர்ணம் அடியுங்கள்.

துருவைத் தேய்க்காமல் மேலே வர்ணம் பூசினால் பார்வைக்குப் புதிதாகத்தான் இருக்கும். ஆனால் சில மாதங்களில் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். வெளியே தெரியாத இடத்திலும் வேலை சுத்தமாக இருக்கவேண்டும். அர்தேஷிர் கோத்ரெஜ் வாழ்ந்து காட்டியது இதைத்தான்.