பிஜிபி: கடைப் பையன் முதலாளி ஆன கதை



பிஜிபின்னு சொன்னா, பல்கலைக்கழகத்தில் படிக்கிற நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது பிரின்ஸ் ஜார்ஜ்ஸ் பார்க் விடுதிதான். அதையே தேக்கா பக்கம் வளர்ந்த தாத்தா பாட்டியிடம் சொல்லிப் பாருங்க. புடவைக் கடை, மளிகைக் கடைன்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க. அவர்களுக்கு பிஜிபி என்றால் பி. கோவிந்தசாமி பிள்ளை.

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். என் நண்பர்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாக நிறுவனம் தொடங்கும் ஆசை இருக்கு. எனக்கும்தான். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: நமக்கு வழிகாட்ட யார் இருக்காங்க? எங்க குடும்பத்தில் வியாபாரம் செய்தவர் யாருமே இல்லை. அதனால் பிஜிபியின் கதை எனக்கு வெறும் வரலாறாகத் தெரியவில்லை.

அவர் பிறந்தது 1887இல், தமிழ்நாட்டில். 1905இல் சிங்கப்பூருக்கு வந்தார். அப்போது வயது 18. இன்று அந்த வயதில் நம்மில் பலர் தேசிய சேவைக்கான கடிதத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம். அவருக்குக் கிடைத்தது இந்திய மளிகைக் கடை ஒன்றில் வேலை. சம்பளம் கிடையாது. சாப்பாடும் தங்க இடமும் மட்டும்தான்.

இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்குவது அன்றும் கஷ்டம்தான், இன்றைக்கு அது சட்டப்படியே தப்பு. ஆனால் அந்தக் காலத்து மளிகைக் கடைக்கு இன்னொரு முகமும் உண்டு. அது ஒரு பள்ளிக்கூடம். எந்தப் பருப்பு எந்தக் கப்பலில் வரும், எவ்வளவு வாங்கினால் தேங்காது, எடை போடும்போது எப்படி நம்பிக்கையைக் காப்பாற்றுவது, யாருக்குக் கடன் எழுதலாம், சம்பள நாள் வந்ததும் அதை எப்படி முகம் சுளிக்காமல் வசூலிப்பது. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருந்ததில்லை. முதலாளி பக்கத்திலேயே நின்று பார்த்தால்தான் வரும்.

1929இல் செராங்கூன் சாலையில் சொந்தமாக ஒரு கடையை எடுத்தார் கோவிந்தசாமி பிள்ளை. கணக்குப் போட்டுப் பாருங்க, சிங்கப்பூருக்கு வந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் போட அவரிடம் பணம் இல்லை. ஒரு செட்டியார் 2,000 வெள்ளி கடன் கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் நான் நின்று யோசித்தேன். செட்டியார்கள் பணத்தைச் சும்மா தூக்கிக் கொடுப்பவர்கள் இல்லை. வட்டித் தொழில்தான் அவர்கள் தொழில். மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த கிட்டங்கிகளில் வரிசையாக ஆளுக்கொரு பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வங்கி நம்பாத சின்ன வியாபாரிக்கு அந்தப் பெட்டிதான் வங்கி. சொத்து உள்ளவனிடம் சொத்தைப் பார்க்கலாம். இல்லாதவனிடம் ஆளைத்தான் பார்க்க முடியும்.

ஆளைப் பார்க்கும் வித்தை அவர்களுக்கும் தானாக வரவில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் தங்கள் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்கார வைத்தார்கள். எடுபிடி வேலை, கணக்கு எழுதுவது, பிறகு பெரியவருக்கு அடுத்த ஆளாக இருப்பது என்று படிப்படியாக ஏற்றினார்கள். தேறியவர்களை மூன்று ஆண்டுக் கணக்கில் கடல் கடந்து முகவராக அனுப்பினார்கள். ஆக, அந்த 2,000 வெள்ளிக்கு இரண்டு பக்கமும் ஆண்டுக்கணக்கான பயிற்சி இருந்தது. கடன் வாங்கியவர் கடையில் பழகியவர், கொடுத்தவர் பெட்டியடியில் பழகிய மரபிலிருந்து வந்தவர்.

1929 நல்ல வருஷமும் இல்லை. அந்த ஆண்டின் கடைசியில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை விழுந்தது. மலாயாவில் வேலை இழந்த ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களை நம்பி இருந்த கடைகளுக்கு அது எப்படிப்பட்ட அடி! ஆனாலும் பிஜிபியின் கடை நின்றது. மளிகையோடு துணிக்கடை, மாவு ஆலை என்று தொழில் விரிந்தது. 1939இல் அவருக்குச் சமாதான நீதிபதிப் பட்டம் கிடைத்தது. இந்திய வர்த்தகச் சங்கத்தை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். வியாபாரம் தெரிந்தவர்கள் ஒன்று கூடும் இடம் ஒன்று இருந்தால்தான் புதிதாக வருகிறவனுக்குப் போய்க் கேட்க ஒரு வாசல் இருக்கும், இல்லையா?

சம்பாதித்ததில் பெரும் பங்கைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்தார். செராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் நாம் எத்தனை கல்யாணத்துக்குப் போயிருப்போம்! அந்தக் கோவிந்தசாமி பிள்ளை கல்யாண மண்டபம் 1965இல் திறக்கப்பட்டது. கோயிலின் ராஜகோபுரத்துக்கும் அவர் பெரும் பொருள் கொடுத்தார். 1980இல் காலமானார்.

இன்று நமக்கு வசதிகள் அதிகம். ஸ்டார்ட்அப் எஸ்ஜி ஃபவுண்டர் திட்டத்தைப் பார்த்தால், முதல் முறை தொழில் தொடங்குபவருக்கு மானியமும் வழிகாட்டும் அமைப்பும் சேர்ந்தே கிடைக்கும்படி வைத்திருக்கிறார்கள். பணம் தனியாக, வழிகாட்டல் தனியாக வந்தால் போதாது என்று அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் நாம் அதைப் பயன்படுத்துற விதத்தில்தான் ஒரு குறை இருக்குன்னு எனக்குத் தோணுது. முன்பின் பழகாத பெரிய ஆளுக்கு லிங்க்ட்இன்னில் ஒரு செய்தி அனுப்பி, எனக்கு வழிகாட்டியா இருங்கன்னு கேட்கிறோம். அவர் நம் வேலையைப் பார்த்ததே இல்லை. அரை மணி நேரம் காபி குடித்துவிட்டுப் பொதுவாக நாலு அறிவுரை சொல்வார். அதுக்கு மேல அவரால் என்ன செய்ய முடியும்?

பிஜிபியின் வாழ்க்கை எனக்குச் சொல்வது இதுதான்: நாம் வேலை செய்வதைப் பார்த்த ஒருவர்தான் நமக்கு உண்மையான வழிகாட்டி. அவர் சொல்லும் அறிவுரை நமக்குப் பொருந்தும். தேவைப்பட்டால் தன் பணத்தையும் பெயரையும் நமக்காக முன்வைப்பார். அப்படி ஒருவர் வேண்டும் என்றால், முதலில் அவர் கண்ணில் படும் இடத்தில் நாம் ஒழுங்காக வேலை செய்யணும்.

அதற்கு 24 வருஷம் காத்திருக்கச் சொல்லவில்லை. வரும் விடுமுறையில் ஒரு மூன்று மாதம் போதும். தேக்காவில் மளிகைக் கடை, பூக்கடை, நகைக்கடை, அச்சகம் என்று நமக்குத் தெரிந்த முதலாளிகள் எத்தனையோ பேர் இருக்காங்க. ஒருவரிடம் போய், சம்பளத்துக்கு வேலை கேளுங்க. கொள்முதல் கணக்கைப் பாருங்க. சரக்கு வராத நாளில் அவர் யாருக்கு முதலில் போன் பண்றார்னு கவனிங்க. நான் இந்த விடுமுறைக்கு அதைத்தான் செய்யப் போறேன்.

தொழில் நடத்தும் அண்ணன்மார், அக்காமார், ஐயாமாருக்கும் ஒரு வேண்டுகோள். எங்களில் பலருக்கு வீட்டில் கேட்க ஆள் இல்லை. உங்கள் கல்லா பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்க. நாங்கள் வந்து உட்காரத் தயார்.