நாணலின் பெருமை உணர்ந்த ஜானகி அம்மாள்

காவிரி பாயும் பரமத்தி வேலூர்ப் பகுதியில் பிறந்தவன் நான். ராஜா வாய்க்கால் பாசனத்தில் கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் செழிக்கும் மண் இது. பிலிக்கல்பாளையத்து வெல்லச் சந்தையைச் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அறியாதார் இலர். இங்கே வயலில் நிற்பது கரும்பு. ஆற்றங்கரையில் நிற்பது நாணல். கரும்புக்கு நீரும் உரமும் இட்டு வளர்க்கிறோம். நாணலைக் களையென்று வெட்டி எறிகிறோம். ஆனால் இவ்விரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவுகள். அந்த உறவை நுணுகி ஆராய்ந்தவர் டாக்டர் ஜானகி அம்மாள். தாவரவியல் மாணவன் என்ற முறையில் அவர் வரலாற்றை நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

எடவலேத் கக்கத் ஜானகி அம்மாள் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் மலபாரைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். பெண்கள் கல்லூரிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலம் அது. அவரோ சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்நாள் முழுவதையும் ஆராய்ச்சிக்கே அளித்தார்.

1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். தடித்த கரும்பில் இனிப்பு மிகுதி. ஆனால் குளிரையும் வறட்சியையும் நோயையும் அது தாங்காது. நாணலில் இனிப்பு குறைவு. ஆயினும் வெள்ளம் மூடினாலும் கோடை வாட்டினாலும் மண்ணுக்குள் இருக்கும் தண்டு பிழைத்து மீண்டும் துளிர்க்கும். இதையே நாம் தகவமைப்பு என்று படிக்கிறோம். இவ்விரண்டையும் கலந்து பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கிய ‘கோ 205’ கரும்பு 1918-இலேயே வட இந்தியச் சமவெளிக்குச் சென்றிருந்தது. இத்தகைய கலப்புகளில் செல்லுக்குள் நிகழ்வது என்ன என்பதை ஜானகி அம்மாள் நுண்ணோக்கியில் தேடினார். தடித்த கரும்பின் குரோமோசோம்கள் 80. நாணலிலோ வகைக்கு வகை அவை வேறுபட்டு, 40 முதல் 128 வரை காணப்படுகின்றன. ஒரே புல்லுக்குள் இத்தனை வேற்றுமை! கரும்பை மக்காச்சோளத்துடன் கலந்தும் அவர் ஆராய்ந்தார்.

1939-இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றபோது உலகப் போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கிப் பணியாற்றினார். டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945-இல் வெளியிட்டார். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா மலர் அந்நாட்டில் இன்றும் பூக்கிறது.

நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். ஈரமும் குளிரும் மிக்க கிழக்கு இமயத்தில் குரோமோசோம் தொகுதிகள் பெருகிய செடிகள் அதிகம் என்றும், வறண்ட மேற்கு இமயத்தில் குறைவு என்றும் எடுத்துக்காட்டினார். சூழலுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பைக் குரோமோசோமிலேயே கண்டவர் அவர். 1955-இல் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை மாற்றிய விதம் பற்றிக் கூடிய கருத்தரங்கில் பங்கேற்ற ஒரே பெண்மணியும் அவரே.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடிக்கவிருந்த நீர்மின் திட்டத்தை எதிர்த்தார். அக்காட்டுச் செடிகளின் குரோமோசோம்களை ஆராயவும் முற்பட்டார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் சென்னையை அடுத்த மதுரவாயலில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அச்செய்தியைக் கேட்க அவர் இல்லை.

நண்பர்களே! பல்லுயிர்ப் பெருக்கம் என்பது தேர்வுக்கு மட்டும் உரிய சொல்லன்று. அது உழவனின் சேமிப்பு. நாளை புதியதொரு நோயோ வறட்சியோ நம் கரும்பைத் தாக்கினால், அதைத் தாங்கும் பண்பை எங்கே தேடுவோம்? ஆற்றங்கரை நாணலில்தான் தேட வேண்டியிருக்கலாம். பயனற்றது என்று ஒரு செடியை வேரோடு களைவதற்கு முன்பு, அதன் உறவினர் யாரென்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்போம். ஜானகி அம்மாளுக்கு நாம் செய்யும் சிறந்த அஞ்சலி அதுவே.