பவ்லோவ்: சான்றுக்கு மட்டும் தலைவணங்கிய விஞ்ஞானி

உளவியலைச் சிறிதளவேனும் கற்ற எவருக்கும் இவான் பவ்லோவ் என்றதும் மணியோசைக்கு உமிழ்நீர் சுரந்த நாயே நினைவுக்கு வரும். ஆனால், 1904ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது அவ்வாய்வன்று. சமிபாட்டை நரம்புகள் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்ற ஆய்வேயாகும்.

1849இல் ரஷ்யாவின் ரியாஸான் நகரில் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த பவ்லோவ், தந்தையின் வழியில் சமயக் கல்வியைத் தொடங்கினார். பின்னர் அதனைக் கைவிட்டு, 1870இல் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் கற்கச் சேர்ந்தார்.

1889இல் அவரும் அவரது சக ஆய்வாளரும் ஒரு நாயின் உணவுக்குழாயைக் கழுத்துப் பகுதியில் வெளியே திறந்துவிட்டனர். நாய் உண்ட இறைச்சி இரைப்பையை அடையாமல் வெளியே விழுந்தது. எனினும், சில நிமிடங்களில் வெறும் இரைப்பையில் சாறு சுரந்தது. மூளையிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் வேகஸ் நரம்புகள் இரண்டையும் துண்டித்தபோது அச்சுரப்பு நின்றுபோயிற்று. உணவு வந்து சேரும் முன்னரே நரம்பு வழியாக இரைப்பைக்குக் கட்டளை போகிறது என்பது இதனால் புலனாயிற்று. அந்த வாயில்லா ஜீவன்கள் பட்ட வேதனையும் இவ்வறிவின் விலையே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சமிபாட்டுச் சுரப்புகள் யாவும் நரம்புகளின் ஆட்சிக்குட்பட்டவை என்பதே பவ்லோவின் உறுதியான கொள்கையாக இருந்தது. 1902இல் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் ஆகிய இருவரும் அதற்குச் சவால் விடுத்தனர். நரம்புத் தொடர்புகள் துண்டிக்கப்பட்ட சிறுகுடற் பகுதியில் அமிலத்தை இட்டபோதும் சதையி சாற்றைச் சுரந்தது. குடற்சுவரிலிருந்து இரத்தத்தில் கலந்து சென்று சதையியைத் தூண்டிய அப்பொருளுக்கு அவர்கள் செக்ரெட்டின் எனப் பெயரிட்டனர். பவ்லோவின் ஆய்வுகூடத்திலும் அப்பரிசோதனை மீளச் செய்யப்பட்டது. முடிவு மாறவில்லை. உலகப் புகழின் உச்சியில் நின்ற அவர், அதனை ஏற்றுக்கொண்டார்.

நரம்புகளும் ஓமோன்களும் இணைந்தே சமிபாட்டை நடத்துகின்றன என்பதை இன்று நாம் அறிவோம். அதுமட்டுமன்றி, உணவுக்குழாய் முதல் பெருங்குடல் வரை சுவரின் படைகளுக்கிடையே பல கோடி நரம்புக் கலங்களாலான வலையமைப்பொன்றும் உண்டு. மூளையின் கட்டளைக்குக் காத்திராமலே குடலை அசைக்க வல்லது அது.

சான்றின் முன் பணிந்த பவ்லோவ், அதிகாரத்தின் முன் பணியவில்லை. 1921இல் லெனின் அவரது ஆய்வுகளுக்கெனத் தனி ஆணை பிறப்பித்துச் சலுகைகள் வழங்கியிருந்தார். ஆயினும், 1924இல் மதகுருமாரின் பிள்ளைகள் இராணுவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, தாமும் அவ்வாறான ஒருவரின் மகனே எனக் கூறித் தமது பேராசிரியர் பதவியைத் துறந்தார். 1936இல் லெனின்கிராட்டில், தமது 86ஆவது வயதில் அவர் காலமானார்.

பிறப்பைக் காரணங்காட்டிக் கல்வியை மறுப்பதை எதிர்ப்பதற்கும், தமது தவறைத் தாமே ஒப்புக்கொள்வதற்கும் வேண்டிய துணிவு ஒன்றே. பவ்லோவை மாணவருக்கு அறிமுகப்படுத்தும்போது, மணியோசையோடு இத்துணிவையும் எடுத்துரைப்பது எமது ஆசிரியர்களின் கடமையாகும்.